இன்னொரு தடவை கழுவிடுங்க

காலை ஏழு இருபது. கூடத்தில் ஒன்பது படுக்கைகள். ஆறாவதில் சாந்தாமணி. இடது கையில் இரண்டு ஊசிகளும் ஏறிவிட்டன, பிளாஸ்டர் ஒட்டியாயிற்று, டயாலிசிஸ் மெஷினின் உருளை சுற்றத் தொடங்கி ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று முதல் மாதம் சொன்னார்கள். இப்போது பார்க்காவிட்டால்தான் அவளுக்கு என்னவோ போல் இருக்கும். போகிற ரத்தம் கருஞ்சிவப்பு. மெஷினில் செருகிய ஃபில்டருக்குள் இறங்கி, மயிரிழை போன்ற குழல்களுக்குள் ஓடி, அழுக்கை விட்டுவிட்டுத் திரும்பி வருகிற ரத்தமும் கருஞ்சிவப்பு. இரண்டுக்கும் ஷேடு வித்தியாசம் உண்டா என்று ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறாள், பிடிபடவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தே வயதான கண் அது. ஒரு பீஸைத் தூக்கிப் பிடித்தால் கைத்துணியும் உடம்புத்துணியும் ஒரே தொட்டியில் வெந்தவையா வேறு வேறா என்று சொல்லிவிடும். தன் ரத்தத்தில் மட்டும் தோற்றுப்போகிறது. ஊசி ஏறுவதற்கு முன்னால் இன்றைக்கும் அவர் வந்தார். நாச்சிமுத்து, அவள் வீட்டுக்காரர். மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியவர், கழுவும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "பிரிஸ்கா கண்ணு, நம்மளுதை இன்னொரு தடவை கழுவிடுங்க" என்றார். பிரிஸ்கா டெக்னீஷியன், சத்தியமங்கலம் பக்கத்துப் பெண். "ஏனுங்கண்ணா, ஸ்ட்ரிப் வெச்சுப் பாத்துட்டனுங்க, மஞ்சளாத்தான இருக்குது" என்றாள். "இருக்கட்டும் கண்ணு, இன்னொரு தடவை." "நீங்க கழுவச் சொல்ற கழுவுல ஃபில்டரே கிழிஞ்சு போகுமுங்க." ஏழாவது படுக்கையிலிருந்து வேலாயுதம் அண்ணன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் ஊதாத குறையாகச் சொன்னார்: "பாரு அம்மிணி, குடுத்து வெச்ச பொறப்பு. எங்கூட்டுக்காரி நாங் குளிச்சனான்னே இதுவரைக்கும் கேட்டதில்லை." எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கும்வரை வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாள். ஆனால் அந்த நினைப்புக்கு அடியில் ஏதோ ஒன்று, பாய்க்குக் கீழே சிக்கிய அரிசி மாதிரி உறுத்துகிறது. அவர் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில் இலையில் உப்பு வைக்க மறந்தால் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு சின்னப் பெண்ணிடம் வாரத்துக்கு மூன்று நாள் கெஞ்சுகிறார். எதற்குக் கெஞ்சுகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபில்டர், பெயர் ஒட்டியது. அதையே கழுவிக் கழுவிப் பல தடவை பயன்படுத்துவார்கள். முடிந்ததும் அதற்குள் கிருமியைக் கொல்கிற மருந்தை நிரப்பி அலமாரியில் அடுக்கிவிடுவார்கள்; புளித்த நெடி, கண்ணைக் கரிக்கும். அடுத்த முறை மாட்டுவதற்கு முன் அந்த மருந்து ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவியாயிற்றா என்று பார்க்கத்தான் ஸ்ட்ரிப். வெள்ளைப் பட்டையின் நுனியில் சின்னச் சதுரமாக ஒட்டிய மஞ்சள் தாள். கழுவிய தண்ணீரில் அதை நனைத்தால், மஞ்சளாகவே இருந்தால் மாட்டலாம். லேசாகப் பச்சை தட்டினாலும் மறுபடி கழுவ வேண்டும். பச்சை முற்றி நீலம் ஆனால் பக்கத்திலேயே போகக் கூடாது. அந்த மருந்து ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதில்லை, அதுதான் மூக்கிலேயே ஏறுகிறதே. அந்த ஸ்ட்ரிப்பும் அவர் கையால் செய்ததுதான். நினைப்பு அங்கே போய் முட்டியது. முட்டிவிட்டுத் திரும்பியது. உருளை சுற்றுகிறது, சுற்றுகிறது, அதன் சத்தம் அம்மிக்கல்லை யாரோ மெதுவாக நகர்த்துகிற மாதிரி.

சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வருஷம் அவர் வீட்டில் உட்கார்ந்தார். அதற்கு முன் லேப் டிப் பார்க்கிறவர். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரு விரல் அகலத் துணியைப் பார்த்து அதே ஷேடை நம் ஊர்த் தண்ணீரில் கொண்டுவருகிற வேலை. அந்த நாளில் அவர் நகக்கண்ணைப் பார்த்தே இந்த வாரம் கம்பெனியில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று அவள் சொல்லிவிடுவாள். மூடியபின் அந்த நகம் வெள்ளையானதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது, ஏதோ சீக்காளியின் நகம் போல. ராத்திரி சாப்பிடும்போது தட்டில் இருக்கிற குழம்பைப் பார்த்து, "இதுக்கு செவப்பு கொஞ்சம் கம்மி" என்பார். காரம் கம்மி என்று சொல்ல வராது. அப்புறம்தான் பெருமாநல்லூர் ரோட்டில் அந்த ஷெட். தண்ணீர் சோதிக்கிற ஸ்ட்ரிப், சர்க்கரைக்கு ரத்தம் சோதிக்கிற ஸ்ட்ரிப், ஆஸ்பத்திரிகளுக்கான ஸ்ட்ரிப் எல்லாம் செய்கிற சின்னக் கம்பெனி. பனியனுக்குச் சாயம் போட்ட ஆளைத் தாளுக்குச் சாயம் போடக் கூப்பிட்டார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல், அடுப்படியில் நின்றுகொண்டு அவளுக்கு விளக்கினார். "தாளுக்கும் கையிருக்குது புள்ளை, சாயத்துக்கும் கையிருக்குது. சோடா உப்புப் போட்டாத்தான் ரெண்டும் கை கோக்கும். கோத்துட்டா எத்தனை அலசினாலும் விடாது. அலசினா வர்றதெல்லாம் கை கோக்காத சாயம், அதை விட்டம்னா தண்ணில கலந்து பொய் சொல்லும்." அதுதான் துணிக்கும் உண்டே என்றாள். "துணில சாயம் மாறக் கூடாது. இதுல பிடிச்சும் இருக்கோணும், மாறவும் மாறோணும். ஒரு கையால தாளைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையைச் சும்மா விட்டிருக்கும். மருந்து வந்து அந்தக் கையைத் தொட்டா மூஞ்சி மாறும்." சொல்லும்போது அவர் ஒரு கையால் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டியிருந்தார். அவள் அந்தக் கையைத் தொட்டாள், வேடிக்கைக்கு. அவர் மூஞ்சி மாறியது. அந்த வாரம் ரத்த ஸ்ட்ரிப்புக்கு மாதிரி பார்க்க வேண்டும் என்று அவள் விரலில்தான் குத்தினார். ரத்தத்தின் சிவப்பு மேலேயே நின்றுவிட, கீழ்த் தாளில் நீலம் மட்டும் இறங்கியதைப் பார்த்து இரண்டு பேரும், நடு வயது தாண்டிய இரண்டு பேரும், குழந்தைகள் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவளுக்குக் கிட்னி நன்றாக இருந்தது. இருந்ததா? அப்போதே கெட ஆரம்பித்திருக்கும். கால் வலிக்கு விழுங்கிய மாத்திரையா, பிரஷரா, ஊர்த் தண்ணீரா, டாக்டர் மூன்றையும் சொன்னார், எது என்று சொல்லவில்லை.

ஐந்தாவது படுக்கை காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பாமல் படுக்க வேண்டும் என்று வரும்போதே நினைத்துக்கொள்வாள். ஊசி குத்திய இடது கை அந்தப் பக்கம்தான், திரும்பாமல் முடியாது. மெத்தையின் ரெக்சினில் ஒரு குழி இன்னும் இருக்கிறது. பேச்சிமுத்துவின் தோள் இருந்த குழி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தையலுக்கு வந்தவன், நாற்பது ஆகவில்லை, கட்டில் கம்பியில் துண்டைக் கட்டிவிட்டு அதில் மொபைலைச் செருகி நகைச்சுவைக் காட்சி பார்த்துக்கொண்டே நாலு மணி நேரத்தையும் ஓட்டிவிடுவான். அன்றைக்கு மெஷினில் மாட்டிக் கொஞ்ச நேரத்தில் மொபைலை எடுத்துக் கீழே வைத்தான். "எக்கா, வாயில புளியக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு. ஒங்களுக்கும் அப்படி இருக்கா?" என்றான். அவள் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்லையே தம்பி" என்றாள். "அப்பம் எனக்குத்தான் கோளாறு போல" என்று சிரித்தான். உதடு மரத்துப்போன சிரிப்பு. ஊசி போட்ட இடம் எரிகிறது என்றான், அப்புறம் நடுக்கம். பிரிஸ்கா ஓடி வந்தாள், டூட்டி டாக்டர் வந்தார், மெஷினை நிறுத்தினார்கள், போர்வை மேல் போர்வை போட்டார்கள். கொஞ்சம் தெளிந்து வீட்டுக்கும் போனான். வெள்ளிக்கிழமை வரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்று சொன்னார்கள், டயாலிசிஸ்காரர்களுக்கு நெஞ்சு நிற்பது புதிதல்ல என்றும் சொன்னார்கள். எனக்கு ஒண்ணுமில்லையே தம்பி. இதை ஏன் சொன்னோம் என்று அவள் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறாள். எனக்கும் ஒரு மாதிரி இருக்குது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் அப்போதே கழற்றியிருப்பார்களோ. பொய் சொல்லத் தோன்றவில்லை. ஒன்றுமில்லைதானே இருந்தது. ஏன் ஒன்றுமில்லை? ஒரே அலமாரி, ஒரே மருந்து, ஒரே பிரிஸ்கா. அவனுக்குப் புளித்தது, தனக்கு ஏன் புளிக்கவில்லை? இந்தக் கேள்வியை இத்தனை நாள் கடவுள் கணக்கில் எழுதி வைத்திருந்தாள். கழுவும் அறைக் கண்ணாடி வழியாக அலமாரி தெரிகிறது. மேல் தட்டில், ஓரத்தில், அவன் பெயர் ஒட்டிய ஃபில்டர் இன்னும் இருக்கிறது. யாரும் எடுத்துப் போடவில்லை. உள்ளே மருந்து நிரப்பியபடி, அடுத்த முறைக்குத் தயாராக.

ஒன்பது மணி வாக்கில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வரும். முதலில் வேலாயுதத்தின் கால், பிறகு இரண்டு படுக்கைக்கும் நடுவே இருக்கிற டிராலி. டிராலித் தட்டில் பிரிஸ்கா காலையில் நனைத்துப் பார்த்த ஸ்ட்ரிப்புகள் அப்படியே கிடந்தன. ஷிஃப்ட் முடிந்துதான் பெருக்குவாள். பெயர் எழுதிய துண்டுத் தாள் மேல் ஒவ்வொன்றும். வேலாயுதத்தினுடையது ஒன்று, சாந்தாமணியினுடையது இரண்டு, ஏனென்றால் இரண்டு தடவை கழுவியது. டியூப் லைட்டில் மூன்றும் ஒரே மஞ்சள். வெயில் தட்டின் மேல் ஏறியது. அவள் கண் வேலை செய்வதை அவளே தடுக்க முடியவில்லை. அது அவள் சொல்லிக் கேட்கிற கண் இல்லை, எத்தனையோ வருஷம் மேஜைக்கு முன்னால் நின்று தானாகப் பழகிய கண். செக்கிங்கில் முதலில் சொல்லித் தருவதே அதுதான்: ஒரு வெளிச்சத்தை நம்பாதே, பீஸை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார். அவளுடைய இரண்டாவது ஸ்ட்ரிப் மஞ்சள். முதலாவது, மஞ்சள்தான், ஆனால் அடியில் ஏதோ ஒன்று, வாழைக்காய் பழுக்கப் போகும்போது காம்பில் நிற்கிற பச்சை மாதிரி. வேலாயுதத்தினுடையதிலும் அதே பச்சை. மேலே ஒரு மஞ்சளைப் போர்த்திக்கொண்டு அடியில் பதுங்குகிற பச்சை. போர்த்திய மஞ்சள். இந்த வருஷம் சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கறிக்குழம்பு, அவர் சந்தோஷமாக இருந்தார். "ஒரு லாட்டு வெளுப்பா வந்துச்சு புள்ளை. டப்பா மேல ஒட்டற கலர் அட்டைல முதல் கட்டம் நல்ல மஞ்சள், நம்ம தாளு தண்ணி மஞ்சள். முதலாளி நாளைக்கே போகோணுங்கறார். பழைய பழக்கம், சாதா மஞ்சச் சாயம் ஒரு துளி மேல போட்டுத் தூக்கிவிட்டேன். இப்ப அட்டையோட வெச்சா பிரிக்கவே முடியாது." ஷேடு பத்தாவிட்டால் மேலே கொஞ்சம் போட்டுத் தூக்குவது பட்டறையில் எல்லாரும் செய்வது. துணிக்கு அது போதும். துணி ஒரு முறை வாங்குகிறவன் கண்ணுக்குச் சேர்ந்தால் போதும், அதன்பிறகு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவளும் அன்றைக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அந்தச் சாதா மஞ்சளுக்குச் சும்மா விட்ட கை கிடையாது. மருந்து தொட்டாலும் அது மாறாது. மாறுகிற சாயம் லேசாகப் பச்சை தட்டும்போது, மாறாத சாயம் மேலே மஞ்சளாக நிற்கும். பார்க்கிறவள் மஞ்சள் என்பாள். பிரிஸ்கா மஞ்சள் என்றுதான் சொன்னாள்.

அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்காது. துணிக்காரர், பழக்கத்தில் செய்தார், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், சேர்ந்தது, அவ்வளவுதான். அவள் இதைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மெஷின் ஒரு முறை கீச்சிட்டது, பிரிஸ்கா வந்து பட்டனை அமுக்கி, "கையை மடக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெரியாது என்றால் அந்தக் கழுவல் எதற்கு? புருஷன் பெண்டாட்டி மேல் வைத்த கவலை. எப்போதிருந்து கவலை? ஒன்றரை வருஷமாக வருகிறாள், முதல் ஒரு வருஷத்துக்கு மேல் அவர் கழுவும் அறைப் பக்கமே போனதில்லை, அந்த நெடிக்குத் தலை வலிக்கிறது என்பார். கோடை மழை பெய்து மொபெட் நின்றுபோய், இரண்டு பேரும் நனைந்து வந்த அந்தத் திங்கட்கிழமை. ஆமாம், அன்றுதான். பிரிஸ்கா புது டப்பாவைப் பிரித்தாள். "அண்ணா, உங்க கம்பெனிதானுங்க இது" என்று நீட்டினாள். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார், பெருமையாக, நம்ம கையால போட்டது உனக்கே வருது பாரு என்கிற முகத்தோடு. டப்பாவைத் திருப்பினார். அடியில் இருக்கிற லாட்டு நம்பரைக் கட்டை விரலால் தேய்த்தார், அழித்துவிடலாம் என்கிற மாதிரி. ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்து டப்பாவைக் கொடுத்தார். அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னார், நம்மளுதை இன்னொரு தடவை கழுவிடுங்க. பேச்சிமுத்துவின் வாய் புளித்தது அதற்கு அடுத்த வாரம். அதற்கு அடுத்த வாரம்தான். அவள் வரிசையை மாற்றிப் பார்த்தாள். மழை முதலிலா புளிப்பு முதலிலா. மழைதான் முதலில். நனைந்த சேலையைப் பார்த்து, "எக்கா, மழையக் கூட்டிட்டு வந்திட்டீங்களே" என்று சொன்னதே பேச்சிமுத்துதான். அவன் உயிரோடு இருந்து சொன்னான். அவர் அவன் படுக்கையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனார், தாண்டித்தான் திரும்பி வந்தார். நம்மளுதை என்றார். எல்லாருடையதையும் என்று சொல்லவில்லை. எனக்கு ஒண்ணுமில்லையே தம்பி. ஏன் ஒன்றுமில்லை என்பதற்குக் கடவுளைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு தடவை கழுவியது.

வேலாயுதம் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருடைய ஃபில்டரை ஒரு தடவைதான் கழுவினார்கள், அது இரண்டு மணி நேரமாக அவர் ரத்தத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. மார்பு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறியது. அடுத்தது ஏற நேரமானது. ஏறியது. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, பேச்சிமுத்துவுக்கு நெஞ்சே பலவீனமாக இருந்திருக்கலாம், அன்றைக்கு மருந்தைக் கூடுதலாக நிரப்பியிருக்கலாம், ஸ்ட்ரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். ஓட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று விட்டு ஒரு பனியனையும் அவள் பெட்டியில் போட்டதில்லை. வெளிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கிறார், பாதி முகம் தெரிகிறது. நியூஸ் பேப்பரை விரித்து வைத்திருக்கிறார், பக்கம் திருப்பவே இல்லை. சொன்னால் என்ன ஆகும்? கம்பெனிக்குத் தெரியும், போலீஸ் வரும், பேச்சிமுத்துவின் பெண்டாட்டி வந்து வாசலில் நிற்பாள், கையில் அந்தத் துண்டோடு. அவள் அப்படி நிற்பதை இப்போதே பார்க்க முடிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் அவளைச் சாந்தாமணி பார்த்ததே இல்லை. அவர் மறுபடி வீட்டில் உட்காருவார், நகம் வெளுத்துப்போகும். இல்லை, வீட்டில்கூட உட்கார விட மாட்டார்கள். சொல்லாவிட்டால்? சாயங்காலம் ரசம் வைக்கலாம். வெள்ளிக்கிழமை மறுபடி வரலாம், அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார், இரண்டு தடவை கழுவுவார்கள், ஒன்றுமில்லை. அந்த டப்பா முடிகிறவரைக்கும். முடிந்தால் அதே லாட்டில் இன்னொரு டப்பா. அவருக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை, அதை ஷுகர் என்று நினைத்தாள். ஒரே பாயில் இத்தனை நாளாக ஒருவர் விழித்திருக்க ஒருவர் தூங்கியிருக்கிறார்கள். கழுவும் அறையில் பிரிஸ்கா இரண்டாவது ஷிஃப்டுக்கான ஃபில்டர்களை எடுத்து மேஜையில் வைக்க ஆரம்பித்தாள். முதலாவதில் ஜரீனா என்று ஒட்டியிருந்தது. ஜரீனா இந்த ஆறாவது படுக்கைக்குத்தான் வருவாள். வந்ததும் மெத்தையைத் தொட்டுப் பார்த்து, "சூடு போட்டு வச்சிருக்கீங்கக்கா" என்பாள், எப்போதும். இரண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஓடி வருகிற பெண். தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. சாந்தாமணி வலது கையைத் தூக்கினாள்.

"பிரிஸ்கா, இங்க வா கண்ணு." வந்தாள். "என்னக்கா, தசை இழுக்குதா?" "இல்லை. பழைய கம்பெனி ஸ்ட்ரிப்பு ஏதாச்சும் மிச்சம் கெடக்குதா?" டிராயரில் ஒரு டப்பா இருக்கும், தேதி முடிந்தது, எதுக்குங்கக்கா என்றாள் பிரிஸ்கா. சாந்தாமணி அலமாரியின் மேல் தட்டைக் காட்டிச் சொன்னாள். "பேச்சிமுத்து ஃபில்டர் அங்க இருக்குதில்ல. அதை எப்பவும் கழுவற மாதிரி ஒரே ஒரு தடவை கழுவு. கழுவின தண்ணில இதுல ஒண்ணு, பழசுல ஒண்ணு நனை. ரெண்டையும் ஜன்னல்ல வெச்சுப் பாரு. டியூப் லைட்டுல பாக்காத." "அதை எதுக்குங்கக்கா தொட்டுக்கிட்டு" என்றாள் பிரிஸ்கா, பேய் கதை கேட்ட முகத்தோடு. "தொடு கண்ணு. ஜரீனாளுதைக் கழுவறதுக்கு முன்னால தொடு." அந்தப் பெண் டிராயரைத் திறந்து பழைய டப்பாவை எடுத்தாள். பிறகு போனாள். அலமாரியின் மேல் தட்டுக்கு எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பெயர் கீழே இறங்கி வந்தது. தண்ணீர் ஓடியது. எப்போதும் ஓடுகிற அளவுக்கு ஓடி நின்றது. பிரிஸ்கா ஜன்னலுக்கு வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், வெகு நேரம். திரும்பி வந்தபோது இரண்டு ஸ்ட்ரிப்பையும் கைக்கு ஒன்றாகப் பிடித்திருந்தாள், ஒன்றோடு ஒன்று பட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. புதியது மேலுக்கு மஞ்சள்தான். பழையது, தேதி முடிந்தும்கூட, வாழையிலைக் குருத்தின் பச்சை. "நான்தானுங்கக்கா பாத்தேன்" என்றாள் பிரிஸ்கா. "அன்னைக்கு அவருக்கு நான்தான் பாத்து மாட்டினேன். மஞ்சள்னு நான்தான் எழுதினேன்." "நீ பாத்தது மஞ்சள்தான் கண்ணு" என்றாள் சாந்தாமணி. "அதுக்கு மேல ஒண்ணு இருக்குது, அதை டாக்டர்கிட்ட நான் சொல்றேன், கூப்பிடு. மொதல்ல வேலாயுதம் அண்ணனைக் கழட்டு. அப்புறம் எல்லாரையும்." பேச்சு சத்தத்தில் வேலாயுதம் விழித்துக்கொண்டார். "என்ன அம்மிணி, ஸ்டாப்பிங் வந்திருச்சா?" என்றார். பிரிஸ்கா அவர் மெஷினை நிறுத்தினாள். "வாய் எப்படியிருக்குதுங்கண்ணா, புளிக்குதா?" என்று சாந்தாமணி கேட்டாள். அவர் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். "காலைல காபியே புளிச்சுது. பால் திரிஞ்சிருச்சுன்னு அவளை வஞ்சுட்டு வந்தேன்" என்றார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றபோது கூடத்தில் வந்த அமைதி அவளுக்குப் புதிது. அதில்தான் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து செருப்போடு உள்ளே வந்துவிட்டார். பேப்பர் கையிலேயே இருந்தது. டிராலித் தட்டைப் பார்த்தார், பிரிஸ்காவின் கையில் இருந்த பச்சையைப் பார்த்தார், மேஜையில் பெயர் தெரியப் படுத்திருந்த ஃபில்டரைப் பார்த்தார், அதை மட்டும் சீக்கிரம் விட்டுவிட்டார். "சொல்லிட்டியா புள்ளை?" என்றார். கோபம் இல்லை. மழையில் நின்றுபோன மொபெட்டை உதைத்து உதைத்துக் கடைசியில் விட்டுவிட்டவர் குரல். அவளுக்கு என்னென்னவோ கேட்க வேண்டியிருந்தது. அன்னைக்கே ஏன் டப்பாவைத் தூக்கி எறியலை, முதலாளிகிட்ட ஏன் சொல்லலை, அந்தத் தம்பி நடுங்கினப்ப வெளியே உக்காந்து என்ன பண்ணுனீங்க. வந்தது ஒன்றுதான். "எனக்கு மட்டும் ஏனுங்க கழுவச் சொன்னீங்க?" அவர் கட்டிலின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் பேப்பர் தொங்கியது. ஐந்தாவது படுக்கையின் குழிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார், உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. "எனக்கு உன்னைத்தான புள்ளை தெரியும்" என்றார். டூட்டி டாக்டர் படியில் வருகிற சத்தம் கேட்டது. பிரிஸ்கா அவள் கையிலிருந்து ஊசிகளை உருவிப் பஞ்சை வைத்தாள். அமுக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்; எப்போதும் அவர்தான் பிடிப்பார். குனிந்தார். "விடுங்க" என்றாள். வலது கையால் தானே அமுக்கிக்கொண்டாள். பஞ்சில் சிவப்பு ஊறி, விரிந்து, ஒரு கட்டத்தில் நின்றது. போகிற ரத்தமா வந்த ரத்தமா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, பேச்சிமுத்துவின் மனைவி கொடுத்த புகாரில் ஸ்ட்ரிப் கம்பெனியின் முதலாளி மீதும் நாச்சிமுத்து மீதும் வழக்குப் பதிவானது. சாட்சிகளில் முதல் பெயர் சாந்தாமணி. அன்று காலை அவளை மொபெட்டில் டயாலிசிஸுக்குக் கொண்டுவந்து விட்டவர் நாச்சிமுத்து.